போனில் பம்பரம்: விரலுக்குப் பிடித்த ஒரு குட்டி விளையாட்டை அடியிலிருந்து உருவாக்குவது எப்படி

போனுக்கு ஒரு விளையாட்டு செய்யலாம் என்று கிளம்புகிறவர்களில் நிறையப் பேர் முதல் நாளே நோட்டை எடுத்து லோகோ, லெவல், காயின், நட்சத்திரம், லீடர்போர்டு என்று எழுத ஆரம்பித்துவிடுவார்கள். விரல் திரையில் என்ன செய்யப்போகிறது, அதைச் சும்மா செய்தாலே நன்றாக இருக்குமா என்ற கேள்வி பத்தாவது பக்கத்தில்தான் வரும், சில சமயம் வரவே வராது. இங்கே அதைத் திருப்பிப் போடுகிறோம். முதலில் விரல், அப்புறம்தான் மற்றதெல்லாம். ஸ்கோர் இல்லாமல், வெற்றி தோல்வி இல்லாமல், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஒருவர் அந்த ஒரு அசைவைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தால் மட்டும் அடுத்த வேலைக்குப் போவோம்.

எடுத்துக்காட்டுக்குப் பம்பரத்தை எடுத்துக்கொள்கிறேன். சாட்டையைச் சுற்றுவது, ஓங்கி விடுவது, சுழல்வதைப் பார்ப்பது, முடிந்தால் சாட்டையால் தூக்கிக் கையில் பிடித்து அப்பீட் எடுப்பது. பார்ப்பதைத் தவிர மற்றதெல்லாம் கையின் வேலைகள் என்பதால் போனுக்கு மாற்ற வசதி. பழைய விளையாட்டைக் காப்பாற்றுகிறோம் என்ற பெரிய நோக்கமெல்லாம் இதில் இல்லை.

தேவையானவை: ஒரு கம்ப்யூட்டர், கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட் (விளையாட்டு உருவாக்கும் மென்பொருளான கோடோ எஞ்சின் தெரிந்தாலும் சரி, யோசனைகள் எல்லாம் அப்படியே பொருந்தும்), அப்புறம் வீட்டிலேயே மலிவான, பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்று. இந்தக் கடைசிதான் முக்கியம். புதுப் போனில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும்.

1. ஒரே ஒரு வினைச்சொல்லைத் தேர்ந்தெடுங்கள்

போனுக்குப் புரியும் அசைவுகள் எண்ணிவிடக்கூடியவை: தட்டுதல், அழுத்திப் பிடித்தல், இழுத்தல், சுண்டுதல், வட்டமிடுதல், இரண்டு விரலால் விரித்தல், போனையே சாய்த்தல், குலுக்குதல். மைக்கில் ஊதுவது, கேமராவில் காட்டுவது எல்லாம் உண்டு, ஆனால் முதல் முயற்சிக்கு வேண்டாம்.

மனதில் நின்ற போன் விளையாட்டுகளை யோசித்துப் பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வினைச்சொல்தான் இருக்கும். 2009 டிசம்பரில் வந்த ஆங்ரி பேர்ட்ஸ் என்றால் இழுத்து விடுவது. 2010-இல் வந்த ஃப்ரூட் நிஞ்ஜா என்றால் வெட்டுவது. டூடுல் ஜம்ப்பில் சாய்ப்பது, 2013-இல் வந்த ஃபிளாப்பி பேர்டில் தட்டுவது, அவ்வளவுதான். இவற்றில் எதையும் யாரும் யாருக்கும் உட்கார்ந்து விளக்க வேண்டியிருக்கவில்லை.

நம்முடைய வினைச்சொல் 'சுற்றி விடு'. கண்டிப்பாகச் சொன்னால் இது இரண்டு அசைவு, வட்டமிடுதலும் சுண்டுதலும். ஆனால் விரலை எடுக்காமல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக முடிவதால் கைக்கு அது ஒன்றாகத்தான் தெரியும். அப்பீட் இப்போதைக்கு வேண்டாம், பின்னால் பார்க்கலாம்.

கோடிங்கைத் தொடுவதற்கு முன் ஒரு சோதனை. அணைத்த போனை ஒரு கையில் பிடித்து, அதன் கண்ணாடியில் கட்டைவிரலால் பத்து முறை வட்டமிட்டு மேல்நோக்கிச் சுண்டிப் பாருங்கள். விரல் வலிக்கிறதா, போன் நழுவுகிறதா, வட்டம் எவ்வளவு பெரிதாக வருகிறது? ஒன்றுமே இல்லாத கறுப்புத் திரையில் செய்யும்போதே அசைவு சுகமாக இல்லை என்றால், மேலே எவ்வளவு படம் வரைந்து ஒட்டினாலும் சுகமாகாது.

2. கை போனை எப்படிப் பிடிக்கிறது என்று பாருங்கள்

ஸ்டீவன் ஹூபர் என்ற வடிவமைப்பாளர் 2013-இல் தெருவிலும் பேருந்திலும் கடையிலும் போன் பயன்படுத்துகிறவர்களைக் கவனித்துக் குறித்து வைத்தார். 1,333 முறை குறித்ததில், திரையைத் தொட்டுக்கொண்டிருந்தவர்களில் 49 சதவீதம் ஒற்றைக் கைப் பிடி. அப்போதைய போன்கள் சின்னவை, இன்றைய போன் அதைவிட நீளம், ஆகவே திரையின் மேல் மூலை கட்டைவிரலுக்கு இன்னும் எட்டாது. இன்னொன்றையும் அவர் சொல்லியிருக்கிறார்: ஆட்கள் ஒரே பிடியில் இருப்பதில்லை, வேலைக்குத் தகுந்தபடி மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

இதிலிருந்து நமக்குக் கிடைப்பது என்ன? சுற்றும் இடம் திரையின் கீழ்ப்பாதி முழுவதும். பட்டனைப் போல ஒரு சின்ன வட்டம் வரைந்து "இங்கே சுற்று" என்று கட்டளை போட வேண்டாம், கீழ்ப்பாதியில் எங்கே விரல் வைத்தாலும் அதுதான் சுற்றும் இடம். பம்பரம் மேல்பாதியில் இருக்கட்டும். விரலுக்கு அடியில் இருப்பது கண்ணுக்குத் தெரியாது என்பதைத் திரையை மவுஸால் சோதிக்கிறவர்கள் மறந்தே போகிறார்கள், மவுஸ் அம்புக்குறி எதையும் மறைப்பதில்லை அல்லவா. சாட்டை சுற்றிக்கொள்வதை ஆட்டக்காரர் பார்க்க வேண்டும், அதுதான் பாதி சுவாரசியம்.

விளிம்புகள் நம்முடையவை அல்ல. ஆண்ட்ராய்டு 10-இல் இருந்து, சைகை முறையை வைத்திருப்பவர்களுக்கு, இடம் வலம் இரண்டு ஓரத்திலிருந்தும் உள்நோக்கி இழுத்தால் 'பின்னால் போ' என்று அர்த்தம். ஹோம் பட்டன் இல்லாத ஐபோனில் கீழ் ஓரத்திலிருந்து மேலே தள்ளினால் ஹோம். நம் பம்பரத்தை விடுவதே மேல்நோக்கிச் சுண்டுவதுதான், ஆகவே கீழ் ஓரத்தை ஒட்டித் தொடங்கும் சுண்டலை நம்பக்கூடாது. அங்கே பார்வைக்கு மண் தரை மாதிரி எதையாவது நிரப்பி விரலை இயல்பாகவே சற்று மேலே வரவையுங்கள்.

தட்டுவதற்கான பட்டன் எதையாவது வைத்தே ஆகவேண்டும் என்றால் ஆப்பிள் 44 பாயிண்ட் என்கிறது, கூகுள் 48 டிபி என்கிறது (இரண்டும் திரையில் அளவு சொல்லும் அலகுகள்). இரண்டும் விரல் நுனி அளவுதான், ஏறத்தாழ 7 முதல் 9 மில்லிமீட்டர்.

இடக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்காகத் தனி அமைப்பு வேண்டாம். கடிகாரச் சுற்று, எதிர்ச்சுற்று இரண்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள், எந்தப் பக்கம் சுற்றினாரோ அந்தப் பக்கமே பம்பரமும் சுழலட்டும். யாரும் இதைக் கவனித்துப் பாராட்டப் போவதில்லை, ஆனால் மாற்றிச் சுழன்றால் மட்டும் எல்லாருக்கும் எங்கேயோ உறுத்தும்.

3. அசிங்கமான முதல் மாதிரி

வெள்ளைத் திரை, ஒரு வட்டம், அதன் மேல் சுழற்சி தெரிய ஒரு கோடு. அவ்வளவே. படம் வரைகிற நண்பரை இப்போது கூப்பிடாதீர்கள், அழகான படம் வந்தால் மோசமான அசைவைக்கூட மன்னிக்கத் தோன்றும்.

பிரவுசரில் என்றால் படம் வரைய ஒரு கேன்வாஸ், விரலின் அசைவைத் தெரிவிக்கும் பாயிண்டர் ஈவென்ட்ஸ். கேன்வாஸுக்கு சிஎஸ்எஸ்ஸில் டச்-ஆக்‌ஷன் என்பதை 'நன்' என்று வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் வட்டமிடும்போது பிரவுசர் அதைப் பக்கத்தை நகர்த்துவதாக நினைத்துக்கொண்டு விரலை உங்களிடமிருந்து பிடுங்கிக்கொள்ளும். ஓவர்ஸ்க்ரோலையும் அணைத்துவிட்டால் கீழே இழுக்கும்போது பக்கம் ரீஃப்ரெஷ் ஆகாது. முதலில் தொட்ட விரலின் அடையாள எண்ணைக் குறித்து வைத்து, இரண்டாவதாக வரும் விரலையோ உள்ளங்கையையோ கண்டுகொள்ளாதீர்கள்.

சரி, இப்போது இந்த வழிகாட்டியிலேயே நுணுக்கமான இடம். வட்டத்தை எப்படி எண்ணுவது?

எல்லாருக்கும் முதலில் தோன்றும் வழி, ஒரு மையப்புள்ளியை வைத்துக்கொண்டு, விரல் அதைச் சுற்றி எத்தனை டிகிரி நகர்ந்தது என்று கூட்டுவது. கம்ப்யூட்டரில் கச்சிதமாக வேலை செய்யும். போனில் கட்டைவிரல் போடுவது வட்டமே அல்ல, சப்பையான முட்டை வடிவம், அதுவும் ஒரே இடத்தில் நிற்காமல் மெல்ல மெல்ல உள்ளங்கைப் பக்கம் நகர்ந்துகொண்டே போகும். ஐந்தாவது சுற்றில் நம் மையப்புள்ளி அந்த முட்டைக்கு வெளியே போய்விடும், கூட்டல் அங்கேயே நின்றுவிடும், ஆட்டக்காரர் பாவம் தேய்த்துக்கொண்டே இருப்பார்.

அதனால் மையத்தை விட்டுவிடுங்கள். விரல் போகும் திசையை மட்டும் பாருங்கள். இந்தக் கணம் விரல் எந்தத் திசையில் போகிறது, முந்தைய கணம் எந்தத் திசையில் போனது, இரண்டுக்கும் உள்ள கோண வித்தியாசம் எவ்வளவு, அதைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். வளையம் எங்கே போடப்பட்டாலும், எவ்வளவு கோணலாக இருந்தாலும், ஒரு முழுச் சுற்றுக்கு 360 டிகிரி வந்துவிடும். இதில் இரண்டு எச்சரிக்கை. விரல் குறைந்தது ஏழெட்டு பிக்சல் நகர்ந்த பிறகுதான் திசையைக் கணக்கிட வேண்டும், இல்லாவிட்டால் விரல் நடுக்கமே திசையாகிவிடும். அப்புறம், ஒரே தாவலில் 90 டிகிரிக்கு மேல் திசை மாறினால் அதைக் கூட்டாமல் விட்டுவிடுங்கள். அது வட்டமல்ல, முன்னும் பின்னும் தேய்ப்பது.

விரலை எடுத்தால் என்ன ஆகும் என்பது அடுத்த கேள்வி. உண்மையான சாட்டையைச் சுற்றியவர்கள் நடுவில் நிறுத்துவார்கள், இறுக்குவார்கள், மறுபடி தொடர்வார்கள். திரையிலும் அவர்கள் விரலை எடுத்து எடுத்துத்தான் சுற்றுகிறார்கள். விரல் எடுத்த உடனே எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கினால் அவர்களுக்கு விளையாட்டு உடைந்துவிட்டதாகத் தோன்றும். அப்படியே வைத்திருங்கள், இரண்டு மூன்று வினாடி தொடாமல் விட்டால் மட்டும் சாட்டை மெதுவாகத் தளர்ந்து அவிழட்டும்.

சுண்டலின் வேகத்தை அளக்கும்போது கடைசி இரண்டு புள்ளிகளை மட்டும் எடுக்காதீர்கள். கண்ணாடியை விட்டுக் கிளம்பும் கணத்தில் விரல் தயங்கும், அந்தக் கடைசித் துளியில் வேகம் பூஜ்யமாகக்கூடத் தெரியும். கடைசி 80 முதல் 100 மில்லிசெகண்டில் மொத்தம் எவ்வளவு தூரம் போனது என்று பாருங்கள். திசையையும் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், மேல்நோக்கி என்றால் நேர் மேலே என்றில்லை, கட்டைவிரல் சுண்டினால் அது இயல்பாகவே ஒரு பக்கம் சாய்ந்துதான் போகும்.

இன்னொரு ஓட்டை: அழைப்பு வரும்போதோ சிஸ்டம் சைகையாக மாறும்போதோ விரல் 'எடுக்கப்பட்டது' என்று வராது, 'பாயிண்டர் கேன்சல்' என்று வரும். அதைச் சுண்டலாக எடுத்துக்கொண்டு பம்பரத்தை வீசிவிடாதீர்கள்.

இந்த வெறும் வட்டமும் கோடும் கையில் நன்றாக இருக்கிறதா? இல்லையென்றால் இங்கேயே நில்லுங்கள். நான் இந்தக் கட்டத்தில் செலவிடும் நேரம், பின்னால் வரும் எல்லாக் கட்டங்களையும் சேர்த்தாலும் அதைவிட அதிகம், அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

4. சுழல வைப்பது

இயற்பியலை முழுக்கப் போட வேண்டியதில்லை, ஆனால் ஒரே ஒரு உண்மையை விடக்கூடாது. வேகமாகச் சுழலும் பம்பரம் சாய்ந்திருந்தால் அதன் தலை மெதுவாக வட்டமடிக்கும். சுழற்சி குறையக் குறைய அந்தத் தலையாட்டம் வேகமாகும், அகலமும் ஆகும். ஒன்று குறைந்தால் மற்றொன்று கூடும். சும்மா யோசித்துச் செய்கிறவர்கள் இதை மாற்றிச் செய்துவிடுகிறார்கள், சுழற்சியோடு சேர்த்து ஆட்டத்தையும் குறைத்துவிடுகிறார்கள், பம்பரம் பேட்டரி தீர்ந்த ஃபேனைப் போல நின்றுபோகிறது. தெருவில் பம்பரம் விட்டவர் யாரும் அதைப் பம்பரம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்.

மூன்று கட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதலில் தூங்குவது: அசையாமல் நிமிர்ந்து நிற்கும், சுழல்கிறதா என்றே சந்தேகம் வரும். இதை அவசரப்பட்டுச் சுருக்காதீர்கள், நன்றாகச் சுற்றியவருக்குக் கிடைக்கும் பரிசே இந்த அமைதிதான். அப்புறம் தலையாட்டம். கடைசியில் ஒரு வினாடிக்குள் சரிந்து, பக்கவாட்டில் தரையில் உரசி உருண்டு நிற்பது. முழுதாகச் சுற்றி நன்றாகச் சுண்டினால் மொத்தம் 20 வினாடி என்று ஆரம்பித்துப் பாருங்கள். நிஜப் பம்பரம் அதைவிட நேரம் சுற்றலாம், ஆனால் போனில் 20 வினாடி சும்மா பார்ப்பதே நீளம்.

எல்லாக் கணக்கையும் ஃபிரேமுக்கு (திரை ஒரு முறை புதிதாக வரையப்படுவதற்கு) இவ்வளவு என்று போடாமல், கடந்த நேரத்துக்கு இவ்வளவு என்று போடுங்கள். சாதாரணத் திரை வினாடிக்கு 60 ஃபிரேம், அதாவது ஒன்றுக்கு 16.7 மில்லிசெகண்ட். ஃபிரேம் கணக்கில் போட்டிருந்தால், வினாடிக்கு 120 ஃபிரேம் காட்டும் 120 ஹெர்ட்ஸ் போனில் பம்பரம் இரட்டிப்பு வேகத்தில் பறக்கும், லோ பவர் மோடில் இருக்கும் ஐபோனில் சஃபாரி 30 ஃபிரேமாகக் குறைத்துவிடும், அங்கே பாதி வேகத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும்.

5. பதில் சொல்லும் திரை

விரல் ஏதாவது செய்தால் திரை உடனே ஏதாவது சொல்ல வேண்டும். 100 மில்லிசெகண்டுக்குள் பதில் வந்தால் அது உடனே நடந்ததாகவே மனித மூளைக்குத் தெரியும் என்பது இந்தத் துறையில் நெடுங்காலமாகப் புழங்கும் கணக்கு. அது பட்டனுக்குப் பொருந்தும். விரலோடு கூடவே வரும் பொருளுக்கு அதுவே அதிகம், கண்ணுக்கு இழுவை தெரியும். அதனால் சாட்டை நுனி விரலோடு அதே ஃபிரேமில் நகர வேண்டும், இழைந்து வரட்டும் என்று அழகுக்காகத் தாமதம் சேர்க்காதீர்கள்.

சுற்றும்போது: ஒவ்வொரு முழுச் சுற்றுக்கும் கட்டையில் ஒரு வரி சாட்டை ஏறட்டும், கூடவே ஒரு சின்ன 'கிட்' சத்தம். ஒவ்வொரு சுற்றுக்கும் அந்தச் சத்தத்தின் சுருதி ஒரு படி ஏறினால், இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று விரல் தானாகப் போகும். சாட்டை முடிந்துவிட்டால் சத்தம் மாற வேண்டும், மழுங்கலான 'தப்'. இனிமேல் சுற்றினால் பயனில்லை என்பதை எழுத்தில் எழுதாமல் காது வழியே சொல்லிவிட்டோம்.

விடும்போது: ஆணி தரையில் படும் சத்தம். இதை இணையத்தில் தேடாதீர்கள், நிஜப் பம்பரம் ஒன்றை வாங்கி சிமெண்ட் தரையில் ஒன்று, மண்ணில் ஒன்று, மொட்டை மாடி ஓட்டுத் தரையில் ஒன்று என்று போனிலேயே பதிவு செய்யுங்கள். விர்ரென்ற சுழற்சிச் சத்தத்தை ஒரு சின்னத் துண்டாக வெட்டி, திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதன் வேகத்தைச் சுழற்சி வேகத்தோடு கட்டிவிட்டால் போதும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே பம்பரம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரியும்.

பிரவுசர்களில் ஆட்டக்காரர் ஒரு முறை திரையைத் தொட்ட பிறகுதான் ஒலி திறக்கும். நம் விளையாட்டில் முதல் அசைவே தொடுதல்தான் என்பதால் அங்கேயே திறந்துவிடலாம், "ஒலியை இயக்கத் தட்டவும்" என்ற பலகையெல்லாம் தேவையில்லை. ஐபோனை சைலண்டில் வைத்திருந்தால் எதுவும் கேட்காமல் போகலாம். பாதிப் பேர் சத்தமில்லாமல்தான் விளையாடப் போகிறார்கள் என்று வைத்துக்கொண்டு, சத்தம் சொல்வதையெல்லாம் திரையும் ஒரு முறை சொல்லட்டும்.

அதிர்வும் அப்படித்தான். ஆண்ட்ராய்டு குரோமில் பத்துப் பதினைந்து மில்லிசெகண்ட் அதிர்வு கொடுத்தால் ஒவ்வொரு சுற்றும் கைக்குத் தட்டுப்படும், அருமையாக இருக்கும். ஐபோன் சஃபாரியில் இந்த வசதி இல்லை. இருந்தால் லாபம், இல்லாவிட்டாலும் குறைவில்லை என்கிற மாதிரி மட்டுமே பயன்படுத்துங்கள். நீளமாக அதிர வைக்காதீர்கள், ஏதோ போன் வந்துவிட்டது என்று பயந்துவிடுவார்கள்.

திரைக் குலுக்கல், புழுதி, வேகக்கோடு எல்லாம் சேர்க்க ஆசையாகத்தான் இருக்கும். எல்லாவற்றையும் சேருங்கள், அப்புறம் பாதியை எடுத்துவிடுங்கள். போன் அமைப்பில் அசைவைக் குறைக்கும்படி வைத்திருப்பவர்களுக்குக் குலுக்கலை முழுவதுமாக அணையுங்கள், சிலருக்கு அதைப் பார்த்தால் நிஜமாகவே தலை சுற்றும். பம்பர விளையாட்டில் அது வேடிக்கையாகத் தோன்றலாம், அவர்களுக்கு அல்ல.

6. சொல்லிக் கொடுக்காமல் சொல்லிக் கொடுப்பது

திறந்தவுடன் பெயர் கேட்காதீர்கள். வயது, லாகின், குக்கீ அனுமதி, நான்கு பக்க விளக்கப்படம், எதுவும் வேண்டாம். இணைப்பைத் தட்டினார், பம்பரம் நிற்கிறது, பக்கத்தில் சாட்டை கிடக்கிறது. இரண்டு வினாடி யாரும் தொடவில்லை என்றால் நிழலான ஒரு விரல் வந்து மெதுவாக வட்டமிட்டுக் காட்டட்டும். தொட்ட கணமே அது மறைய வேண்டும். மூன்று சுற்று ஏறியதும், விடாமல் சுற்றிக்கொண்டே இருந்தால், அதே நிழல் விரல் மேல்நோக்கி ஒரு முறை சுண்டிக் காட்டட்டும். எழுத்தே இல்லாததால் தமிழ் வாசிக்கத் தெரியாத பேரனும் கண்ணாடி போடாத தாத்தாவும் ஒரே மாதிரி கற்றுக்கொள்வார்கள்.

தப்பாகச் செய்தாலும் ஏதாவது நடக்க வேண்டும். சாட்டையே சுற்றாமல் சுண்டினால் பம்பரம் 'தொப்' என்று விழுந்து உருளட்டும். அரைகுறையாகச் சுற்றினால் தடுமாறிப் போய் நிற்கட்டும். "தவறு! மீண்டும் முயற்சிக்கவும்" என்ற பெட்டியை விட, பம்பரம் அசட்டுத்தனமாக விழுவதுதான் அடுத்த முயற்சிக்கு இழுக்கும். விழுந்த பிறகு மறுபடி தொடங்க ஒரு வினாடிக்கு மேல் ஆகக்கூடாது, அதற்குத் தனி பட்டனும் கூடாது; கீழ்ப்பாதியைத் தொட்டால் பம்பரம் கைக்குத் திரும்பிவிட வேண்டும்.

7. இப்போதுதான் விதிகள்

இதுவரை நாம் செய்தது ஒரு பொம்மை. விளையாட்டாக வேண்டுமென்றால் குறி ஒன்று வேண்டும், அதைத் தெருவே ஏற்கெனவே கொடுத்திருக்கிறது. தரையில் ஒரு வட்டம், அதற்குள் படுத்திருக்கும் இன்னொரு பம்பரம், அதைக் குத்தி வெளியே தள்ள வேண்டும். சுண்டும் திசை இப்போதுதான் பொருளுள்ளதாகிறது. ஆணி நேராகப் பட்டால் ஆக்கர், அந்தக் கணத்தில் எல்லாவற்றையும் 60 மில்லிசெகண்ட் அப்படியே உறைய வைத்து விடுவியுங்கள். கண் அதைத் தனியாகக் கவனிக்காது, ஆனால் அடி பலமாக விழுந்தது என்று உடம்புக்குத் தெரியும்.

ஆக்கரின் குழி கட்டையிலேயே நிரந்தரமாக இருக்கட்டும். போனின் நினைவகத்தில் சேமித்து வையுங்கள், நாளை திறந்தாலும் அதே தழும்புகளோடு அதே பம்பரம். எனக்கு இது எந்த லெவல் எண்ணையும் விட மேலாகப் படுகிறது, 47-ஆவது லெவல் என்று காட்டுவதை விட, இந்தக் குழி எப்போது விழுந்தது தெரியுமா என்று காட்டத்தான் மனிதர்கள் போனை நீட்டுவார்கள்.

அப்பீட்டை இப்போது சேர்க்கலாம். பம்பரம் தூங்கும்போது அதன் அடியில் விரலைக் குறுக்காக ஒரு கோடு இழுத்தால் சாட்டை தூக்கும், மேலே எழுந்து வரும்போது சரியான நேரத்தில் தட்டினால் உள்ளங்கையில் நிற்கும். அந்தச் சரியான நேரத்தை ரகசியமாகக் கொஞ்சம் நீட்டி வையுங்கள். திரையில் முடிந்துவிட்டதாகத் தெரிந்த பிறகும் 100 மில்லிசெகண்ட் வரை தட்டினால் ஏற்றுக்கொள்ளலாம். அது ஏமாற்று அல்ல. ஆட்டக்காரர் மனதில் சரியாகத்தான் தட்டினார், தாமதம் விரலிலும் கண்ணாடியிலும் இருக்கிறது.

ஒரே போனில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஆடும் முறையைக் கட்டாயம் முயன்று பாருங்கள். போனைத் தரையில் வைத்து, ஆளுக்கு ஒரு பாதி. எழுத்து எதுவும் இல்லாததால் யாருக்கும் தலைகீழாகத் தெரியும் பிரச்சினை இல்லை. ஒரு விரலுக்கு மேல் வருவதைக் கண்டுகொள்ளாதே என்று முன்பு சொன்னேன் அல்லவா, இங்கே பாதிக்கு ஒரு விரல் என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

தினமும் வந்தால் பரிசு, வராவிட்டால் நோட்டிஃபிகேஷன், காயின் வாங்க விளம்பரம் பார் என்ற வழியெல்லாம் எல்லாருக்கும் தெரியும். நான் சேர்ப்பதில்லை. ஃபிளாப்பி பேர்டை உருவாக்கிய டாங் நுயென், அது உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தபோதே, 2014 பிப்ரவரியில் ஆப் ஸ்டோர்களிலிருந்து எடுத்துவிட்டார், ஆட்கள் அதற்கு அடிமையாகிப் போனதைக் காரணமாகச் சொன்னார். அந்த விளையாட்டில் தினப்பரிசு எதுவும் இல்லை, வெறும் தட்டல்தான். நல்ல அசைவுக்கே அவ்வளவு இழுப்பு இருக்கும்போது மேலே கொக்கிகளைத் தொங்கவிட வேண்டிய அவசியம் எனக்குப் புரிவதில்லை.

8. சாய்ப்பது, குலுக்குவது: சுருக்கமாக

சென்சார் ஆசை எல்லாருக்கும் வரும். ஐபோனில் 2019-இல் வந்த ஐஓஎஸ் 13 முதல் பிரவுசரில் சாய்வுத் தகவலைப் பெற அனுமதி கேட்க வேண்டும், அதுவும் ஆட்டக்காரர் தொட்ட கணத்தில்தான் கேட்க முடியும். படுத்துக்கொண்டே விளையாடுகிறவர் இருக்கிறார், ஆகவே போன் தொடக்கத்தில் எப்படி இருந்ததோ அதையே சமநிலையாக எடுத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் முக்கியமானது, திரையைச் சாய்த்தால் திரையே சரியாகத் தெரியாது. பம்பரத்துக்கு இது தேவையில்லை என்பது என் முடிவு.

9. போன் என்பது போனும்கூட

நடுவில் அழைப்பு வரும், வாட்ஸ்அப் பார்க்கப் போவார், திரை அணையும். பக்கம் மறைந்ததற்கான விசிபிலிட்டி ஈவென்ட் வந்த உடனே ஒலியையும் கணக்கையும் நிறுத்துங்கள். திரும்பி வரும்போது கடந்த நேரம் மூன்று நிமிடம் என்று கணக்கில் ஏறிப் பம்பரம் சட்டென்று செத்துக் கிடக்கக்கூடாது, ஒரு ஃபிரேமுக்கு அதிகபட்சம் 50 மில்லிசெகண்ட் என்று வரம்பு வையுங்கள்.

திரையின் பிக்சல் அடர்த்தி 3 என்று சொல்லும் போனில் முழு அடர்த்தியில் வரைந்தால் 9 மடங்கு பிக்சல் நிரப்ப வேண்டும், மலிவுப் போன் சூடாகிவிடும். 2-க்கு மேல் போகாதீர்கள், வித்தியாசம் யாருக்கும் தெரியாது. உயரத்தைச் சிஎஸ்எஸ்ஸில் 100 விஹெச் (திரையின் முழு உயரம்) என்று வைத்தால் பிரவுசரின் முகவரிப் பட்டை தோன்றி மறையும்போது கீழ்ப்பகுதி ஒளிந்துகொள்ளும், அதற்காகவே டிவிஹெச் என்ற அலகு வந்திருக்கிறது. நாட்ச் இருக்கும் போன்களுக்குப் பாதுகாப்பு ஓரத்தையும் விடுங்கள். அழுத்திப் பிடித்தால் வரும் தேர்வு மெனுவையும் அணைத்துவிடுங்கள், சாட்டையைப் பிடித்துக்கொண்டு யோசிக்கிறவருக்கு 'காப்பி, ஷேர்' என்று எட்டிப் பார்த்தால் எரிச்சலாக இருக்கும்.

10. கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள்

சோதனை என்றால் இதுதான். போனைக் கையில் கொடுங்கள், "சும்மா பாருங்க" என்று மட்டும் சொல்லுங்கள். அப்புறம் பேசக்கூடாது. அவர் திணறும்போது உங்கள் நாக்கு துறுதுறுக்கும், ஆனாலும் கூடாது. பார்க்க வேண்டியது திரையை அல்ல, கட்டைவிரலை. எங்கே தொட்டது, எங்கே தயங்கியது, எந்தக் கணத்தில் இன்னொரு கை உதவிக்கு வந்தது. ஆண்ட்ராய்டின் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் தொடும் இடத்தைத் திரையில் புள்ளியாகக் காட்டும் வசதி இருக்கிறது, அதை இயக்கித் திரையைப் பதிவு செய்தால் பிறகு நிதானமாகப் பார்க்கலாம்.

"நல்லா இருக்கா?" என்று கேட்டால் எல்லாரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள், நம்மிடமே காபி குடித்துக்கொண்டு வேறு என்ன சொல்வார்கள். கேட்காமல் எண்ணுங்கள்: பம்பரம் விழுந்த பிறகு, யாரும் சொல்லாமல், மறுபடி எடுத்து எத்தனை முறை சுற்றினார்? மூன்றுக்குக் குறைவாக இருந்தால் 3-ஆம் படிக்குத் திரும்புங்கள், 7-ஆம் படியில் விதிகளைச் சேர்த்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள்.

பம்பரமே விட்டிராத பதினைந்து வயதுப் பிள்ளைகள், சாட்டை சுற்றிக் கை காய்த்த அறுபது வயதுக்காரர்கள் இரண்டு பக்கத்தையும் பாருங்கள். பிள்ளைகள் முதலில் பம்பரத்தையே தட்டுவார்கள், தட்டினால் அது கொஞ்சமாவது அசைய வேண்டும். பெரியவர்கள் பெரிய வட்டமாக, திரை முழுக்க, நிதானமாகச் சுற்றுவார்கள். விரல் மேல்பாதிக்கு வந்துவிட்டாலும் எண்ணிக்கை நிற்கக்கூடாது. எண்ணெய்க் கையோடும், ஈரக் கையோடும், டெம்பர்டு கிளாஸ் விரிசல் விட்ட போனிலும் ஒரு முறை பாருங்கள். மாற்றம் ஏதாவது செய்தால் ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று, இல்லாவிட்டால் எது உதவியது என்று தெரியாது.

11. வெளியே விடுவது

முதலில் ஒரு இணைப்பு போதும். எல்லாப் படமும் ஒலியும் சேர்த்து ஒரு எம்பிக்குள் வைத்துக்கொள்ளுங்கள், பம்பரத்துக்கு அது தாராளம். இட்ச்.ஐஓ தளத்தில் கோப்புகளை ஜிப் செய்து ஏற்றினால் பிரவுசரிலேயே ஓடும், காசு கிடையாது. பிளே ஸ்டோருக்குப் போக வேண்டுமென்றால் ஒரு முறைக் கட்டணம் 25 டாலர், ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99 டாலர். அந்தச் செலவை, முன்பின் தெரியாத யாராவது இணைப்பை இன்னொருவருக்கு அனுப்புகிறார்கள் என்று தெரிந்த பிறகு செய்யலாம்.

வாட்ஸ்அப்பில் இணைப்புக்கு மேலே தெரியும் படத்தை மட்டும் அலட்சியமாக விடாதீர்கள், பெரும்பாலானவர்களுக்கு அதுதான் விளையாட்டின் முகப்பு. பம்பரமும் பாதி சுற்றிய சாட்டையும் இருந்தால் போதும், தலைப்பு எழுத்துகள் அந்த அளவில் வாசிக்கவே வராது. இணைப்போடு "இப்படிச் சுற்றி, அப்படிச் சுண்டவும்" என்று விளக்கம் சேர்த்து அனுப்பாதீர்கள். "இத எப்படி ஆடுறது?" என்று யாராவது திருப்பிக் கேட்டால், பதில் எழுதுவதற்கு முன் அந்த நிழல் விரலை இன்னும் கொஞ்சம் மெதுவாக்கி ஏற்றிவிட்டு, "இப்ப பாருங்க" என்று மட்டும் அனுப்புங்கள்.